விநாடிக்கு இருபத்தைந்து

அருளப்பன் சோப்புப் பெட்டிக்குள் கொண்டுவந்தது
இரண்டு மெமரி கார்ட்.
கொழுந்து மடுவத்தின் கூரையில்
அவன் கம்பியால் இறுக்கிய கமரா
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்
எதிர்ச்சரிவைப் பார்த்துக் கண் திறந்திருக்கிறது
எழுபத்தொன்பது பகல்.

பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது படம்.
முப்பத்தாறு குறையுது என்றேன்.
பற்றரி செத்த மூன்று மணித்தியாலம், மிஸ்,
நான் அட்டன் டவுனுக்கு வந்திருந்தேன்
என்றான், குற்றவாளி போல.

என் வேலை கல்யாணம், பூப்புனித நீராட்டு,
கோயில் தேர்.
மாலை விழும் இடத்தில் மெதுவாக்குவேன்,
மாமன் அழுகிற இடத்தில் வெட்டுவேன்.
மருந்துக்கடைக்கு மேலே இந்த அறையில்
ஒரு மலைக்கு நான் வீடியோ செய்ததில்லை.

முதல் தடவை, அவசரத்தில்,
படக்குவியலை வரிசையில் போட்டு
என் லெப்டொப்போடு அப்படியே கொடுத்தனுப்பினேன்.
செயலகத்து மேசையில் அது
நாலு படம் ஓடி, நின்று,
பத்தைத் தாவி, மறுபடி நின்று,
ஏற்றத்தில் மூச்சு வாங்கும் பழைய பஸ் மாதிரி.
அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாராம்:
ஆடுறது உங்கட வீடியோ, தம்பி. மலை இல்லை.

அந்த வாக்கியத்தோடுதான் திரும்பவும் படியேறினான்.
ஈரக் குடையைக் கதவோரம் சாத்தினான்.
மேல் லயத்தில் இருபத்திரண்டு குடும்பம், மிஸ்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆக, ஒரு மலை அசைவதைக் காட்ட
முதலில் என் மெஷினின் நடுக்கத்தை
நான் நிறுத்த வேண்டும்.

கணக்கு லேசு.
ஒரு படம் முப்பது எம்பி.
விநாடிக்கு இருபத்தைந்து கேட்கிறது கண்.
சுழலும் பழைய டிஸ்க்
ஒற்றை அகப்பையால்
தேர்த் திருவிழாவுக்கே சோறு போடப் பார்க்கிறது.

அண்ணனிடம் கடன் வாங்கிக்
கண்டியிலிருந்து வேகமான டிஸ்க் ஒன்று.
பெரிய படங்களை மூடிவைத்துவிட்டு
ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நகல்:
அதே நம்பர், அதே மழை, கால் பங்கு எடை.
இரவு பத்துக்குத் தொடங்கினேன்.
ஒன்றரைக்குக் கறண்ட் போனது.
யூபிஎஸ் கோழிக்குஞ்சு போலக் கத்தியது.
எல்லாம் அணையுமுன்
ஆறாயிரத்து இருநூற்று எட்டு என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

பனி மூடிய படங்கள் எண்ணூறுக்கு மேல்.
வெறும் வெள்ளை.
கல்யாணமென்றால் தூக்கி எறிந்திருப்பேன்.
இதில் ஒன்றை எடுத்தாலும்
வெட்டி ஒட்டியது என்பார்கள். இருக்கட்டும்.
காணாமல்போன முப்பத்தாறுக்கும் கறுப்பு வைத்தேன்,
ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவு.
அருளப்பன் டவுனுக்கு வந்த நேரம்
அங்கே இருட்டாய் இருக்கிறது.

விடிகிறபோது டைம்லைனுக்கு மேலே
பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து
கடைசிப் படத்தைத் தொட்டது.
ஸ்பேஸ் பாரைத் தட்டினேன்.

ஓடியது.
தடங்கல் இல்லை, தாவல் இல்லை.
மேகம் கொட்டிக் கொட்டி வழிந்தது.
நிரை நிரையாய்ப் பெண்கள்
பச்சைக்குள் மின்னி மறைந்தார்கள்.
லயத்துக் கொடியில் ஒரு சிவப்புச் சேலை
வந்து வந்து போனது.
எல்லாம் துடித்தது. சரிவு மட்டும் துடிக்கவில்லை.
அது இறங்கிக்கொண்டிருந்தது,
தூங்குகிறவனின் போர்வை போல.
கோயிலடி விளக்குக் கம்பம்
நேராய் நின்றது,
பிறகு நேராய் நிற்கவில்லை.
எப்போது என்று சொல்ல முடியாது.

அருளப்பன் நிறுத்தச் சொன்னான்.
படம் ஏழாயிரத்துப் பதினொன்று.
அடுத்தது. அதற்கு முந்தியது.
ஒன்றிலும் எதுவும் நகரவில்லை.
ஓட விட்டால்தான் தெரியுது என்றான்.

செயலகம் ஒன்பதுக்குத் திறக்கும்.
இம்முறை படங்களாய் இல்லை, ஒரே வீடியோ,
பென்டிரைவில் ஏறிக்கொண்டிருக்கிறது.
நாற்பது சதவீதம்.
வெளியே மழை பிடித்துவிட்டது.
அவன் யன்னல் பக்கம் திரும்பவில்லை,
நாற்பத்தொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.