எண்பத்திரண்டு வினாடி

வல்பராய்சோவில் எங்கள் விஞ்ச் மலையேற
எண்பத்திரண்டு வினாடி.
மேலே எஞ்சின் அறையில் நான்.
இடது கைக்கு நெம்புகோல்.
வலது கை சும்மா.
சும்மா இருந்த கைதான் இதை ஆரம்பித்தது.

ஓர் ஓட்டத்துக்கு ஒரு வாக்கியம்.
அடுத்த ஓட்டத்தில் அதில் பாதியை அடித்துவிட வேண்டும்.
மனசு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க
விஞ்ச்சில் நேரமில்லை.
மணி இரண்டு தரம் அடித்தால் இழுக்க வேண்டும்,
நெம்புகோலையும் பேனாவையும்.

முதல் வருடம் முழுக்கக் கடல், நிலா,
தனிமை, மறுபடி கடல்.
என் கதைகளில் யாருக்கும் வாடகை பாக்கி இல்லை,
பல்கூட வலிக்கவில்லை.
டிக்கெட் ஜன்னலில் இருக்கும் ஓர்டென்சியா படித்துவிட்டு,
"உன் ஆட்கள் பெருமூச்சு விட்டபடியே இருக்கிறார்கள்,
வெங்காயம் யார் வாங்குவது?" என்றாள்.
நான்கு நாள் அவளோடு பேசவில்லை.
ஐந்தாம் நாள் எண்ணிப் பார்த்தேன்:
ஒன்பது பக்கம், பதினோரு பெருமூச்சு.

அப்புறம் வெங்காயம் வாங்க வைத்தேன்.
விலை கேட்க வைத்தேன், பேரம் பேச,
சில்லறை குறைந்து முகம் சிவக்க.
கை கொஞ்சம் பழகியது.

ஒரு பக்கம் மட்டும் பழகவில்லை.
கணவன் வீட்டைவிட்டுப் போகிற பக்கம்.
கதையில் அவன் பெயர் வேறு.
எவரிஸ்தோ என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது,
என் தெருவில் உள்ளவர்களைத் தவிர.
வாசலில் நின்று அவன் அழகாகப் பேசுவான்:
உன்னோடு வாழ்ந்த வருடமெல்லாம்
மூச்சடைத்த வருடம் என்பான்.
அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பாள்.
ஆறு வருடம் திருத்தினேன்.
ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாகப் பேசினான்.
ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் செத்தான்.

ஆகஸ்டில், குளிர்கால மழையில், மின்சாரம் போனது.
பெட்டி பாதி மலையில் நின்றது. உள்ளே ஐந்து பேர்.
பேட்டரியில் ஓடும் பேச்சுக்குழாய் வழியே
முப்பத்தேழு நிமிடம் அவர்களைக் கேட்டேன்.

பயமாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.
ஒரு கிழவர் கேஸை மூடினேனா என்றார்.
மூடினேன் என்றார். மூடினேனா என்றார்.
ஒரு பெண் யாரோ ஒரு பையனிடம்
காலுறை நனைந்துவிட்டதா என்று கேட்டாள்.
"நீங்கள் யார்?" என்றான் பையன்.
மீன்காரர், மன்னிக்கணும், ஐஸ் உருகுகிறது,
ஐஸ் உருகுகிறது என்றார். குரல் நடுங்கியது.
ஐஸுக்கு யாரும் அவ்வளவு நடுங்கமாட்டார்கள்.
கடைசியில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
அதையும் கேட்டேன்.

எழுதிக்கொண்டாயா என்று கேட்பீர்கள்.
இல்லை.
எழுதாமல் இருப்பதும் பயிற்சி என்று
இப்போது பெரிதாகச் சொல்லிக்கொள்ளலாம்.
அப்போது பிரேக்கைப் பிடித்திருந்தேன்,
இரண்டு கையாலும்.

அன்று ராத்திரி, ஆறு வருடத்தில் முதல் முறையாக,
அவன் நிஜத்தில் என்ன சொன்னான் என்று யோசித்தேன்.
"சிங்க்குக்கு அடியில் ஒழுகுகிறது.
நிபால்தோவைக் கூப்பிடு, அதிகம் கேட்கமாட்டான்."
நான் சொன்னது:
"குடை எடுத்துக்கொண்டாயா?"

நாலரைப் பக்கம் அடித்தேன்.
இந்த இரண்டு பேச்சும் மிஞ்சின.
சொட்டுச் சத்தத்துக்கு ஒரு வரி சேர்த்தேன்,
சத்தம் மிகவும் சோகமாக இருந்தது,
மறுநாள் எடுத்துவிட்டேன்.
சிங்க்குக்கு அடியில் ஒரு வாளி வைத்தேன், அவ்வளவுதான்.

ஓர்டென்சியா டிக்கெட் கட்டுக்கு நடுவில்
தாளை வைத்துப் படித்தாள்.
நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.
மூன்று பேருக்குச் சில்லறை கொடுத்தாள்.
பிறகு என் பக்கம் திரும்பாமலே,
"வாளி நிறைந்துவிட்டதா?" என்றாள்.

பதில் தெரியவில்லை. மணி இரண்டு தரம் அடித்தது.
எண்பத்திரண்டு வினாடி.
இன்றைய வாக்கியம் மோசம்.
அடுத்த ஓட்டம்வரை இருக்கட்டும்.