இரண்டு

கோபாரிலிருந்து நிங்கன் வரை
சாலை வளைவதே இல்லை.
நூற்று முப்பது கிலோமீட்டர்.
இருபுறமும் செம்மண், முல்கா புதர்,
முன்விளக்கில் எப்போதாவது கங்காருவின் கண்கள்.
ஜோலீன் ஓட்டுகிறாள். நான் பின்னால்,
மெர்வ் டல்லியோடு.

வயது அறுபத்தெட்டு.
நாலுசக்கர பைக் புரண்டு
இடது விலாவில் அடி.
வலி எவ்வளவு, பத்துக்கு?
"ரெண்டு."

என் மொழியில் கேட்க முடிந்திருந்தால்
எண்ணையா கேட்டிருப்பேன்?
குத்தலா, குடைச்சலா, கடுப்பா,
இழுத்துப் பிடிக்கிறதா,
விண்விண்ணென்று தெறிக்கிறதா.
இங்கே பத்துக்கு எத்தனை, அவ்வளவுதான்.
இந்தப் பக்கத்து ஆண்கள்
விரல் துண்டானாலும் ரெண்டைத் தாண்டுவதில்லை.

நாடி எண்பத்தெட்டு. அழுத்தம் நூற்று இருபத்தாறு.
கையுறையின் முதுகில் பேனாவால் எழுதிக்கொள்கிறேன்.
"நாயை யாராவது கட்டினாங்களா?"
கட்டியிருப்பார்கள், மெர்வ்.

பதினைந்து நிமிடம் கழித்து
நாடி நூற்று நான்கு.
வலி? ரெண்டுதான்.
இடது தோள் மட்டும் கொஞ்சம் உளைகிறதாம்.
தோளில் ஒரு கீறல்கூட இல்லை.
அடிபடாத தோள் நோகிறதென்றால்
விலாவுக்குக் கீழே, நான் பார்க்க முடியாத இடத்தில்,
ஏதோ நிறைந்துகொண்டிருக்கலாம்.
தண்ணீர் கேட்கிறார்.
உதட்டை மட்டும் நனைக்கிறேன்.
"நாயை யாராவது கட்டினாங்களா?"

அவர் கையைத் தூக்கி
நகத்தை அழுத்தி விடுகிறேன்.
வெளுத்த இடம் மறுபடி சிவக்க
இரண்டு நொடி தரலாம்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.

நான்கு.

"ஜோலீன்" என்கிறேன். வேறொன்றும் சொல்லவில்லை.
இன்ஜினின் குரல் மாறுகிறது.
ரேடியோவில் விமானம் கேட்கிறேன்:
நிங்கன் ஓடுதளம், நாற்பது நிமிடம்.

இனி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை.
நூற்றுப் பதினாறு. நூற்று இருபத்திரண்டு.
அழுத்தம் தொண்ணூற்றெட்டு, பிறகு தொண்ணூறு.
ஏறக்கூடாதது ஏறுகிறது,
இறங்கக்கூடாதது இறங்குகிறது,
நெற்றியில் குளிர்ந்த வியர்வை,
சலைன் சொட்டுகிறது,
மெர்வ் கூரையைப் பார்த்துக் கேட்கிறார்:
"நாயை..."

ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால்
குழப்பம் என்று படிவத்தில் குறிக்க வேண்டும்.
குறித்தேன்.
குழப்பமே இல்லை, அவருக்கு நாய்தான் முக்கியம்
என்று குறிக்கக் கட்டம் இல்லை.

ஓடுதள விளக்குகளின் நடுவே
கையுறையைப் படித்துப் படித்து
நாற்பது நொடியில் ஒரு மனிதரை ஒப்படைத்தேன்.
வலி எவ்வளவு என்றார் மருத்துவர்.
ரெண்டு என்கிறார், என்றேன். நம்பாதீர்கள்.
முகமூடிக்குள் மெர்வ் சிரித்தார்,
அல்லது முகம் சுளித்தார்.

விமானம் எழும்பிய பின் வெகுநேரம் புழுதி.
கையுறையைக் கழற்றினேன்.
எண்கள் உள்பக்கமாய்ச் சுருண்டுகொண்டன.
வண்டிக்கு அந்தப் பக்கம் ஜோலீன்
யாரையோ போனில் எழுப்பிவிட்டிருந்தாள்,
மணி ஒன்றே கால்.
"ஆமா, டல்லி பண்ணைதான்.
இல்ல, அவரப் பத்தி இன்னும் தெரியல.
நாய். நாயைப் போய்ப் பாருங்க."