கேட்டு போட்டுட்டான் சார்

முப்பத்தோரு பிள்ளைங்கதானே,
கேட்டைத் தாண்டினா இன்னொரு ஸ்கூல்,
ரெண்டு நிமிஷ நடை என்றார் ஆபீசர்.
கூட்ஸ் வந்து நின்னா நாற்பது நிமிஷம் என்று
புஷ்பராணி சொன்னதை
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை பெஞ்சுகளை எடுக்க வந்தார்கள்.
கொருக்குப்பேட்டை ஸ்டாண்டில்
ஒன்பது மீன்பாடி வண்டி.
"கேட்டு போட்டுட்டான் சார்" என்றான் தங்கையா.
கேட் திறந்துதான் கிடந்தது.
ஒரு நாய் நிதானமாகத் தண்டவாளம் தாண்டிக்கொண்டிருந்தது.
அடுத்தவனும் அதையே சொன்னான்.
அதற்கடுத்தவன் பீடியை எடுக்காமலே சொன்னான்.
குட்டியானை ஜமால் போனில் சொன்னான்,
அவன் இருந்ததோ எண்ணூரில்.

ஆபீசர் வாட்ச்சைப் பார்த்தார்.
உள்ளே மூன்றாம் வகுப்பில்
நாலேழு இருபத்தாறு என்று
யாரோ உரக்கக் கத்த,
டீச்சர் மறுபடி
ஓரேழிலிருந்து ஆரம்பித்தார்.