நடக்கிற தூரம்

'எல்லாம் நடக்கிற தூரம்தான்' என்றார்
நாகமலையில் வீடு காட்டிய தரகர்
புல்லட்டைவிட்டு இறங்காமலே.

பொய்யில்லை.
ஜெராக்ஸ் கடைக்கு நாற்பது தப்படி.
மாவு பாக்கெட்டுக்கு அறுபது,
நடுவில் செவலை நாய் படுத்திருந்தால்
சுற்றிப்போக அறுபத்தைந்து.
பல்கலைக்கழக வாசலுக்கு எத்தனையோ.
எண்ணத் தொடங்கும்போதெல்லாம்
யாராவது 'சாப்ட்டாச்சா' என்று கெடுத்துவிடுகிறார்கள்.

தெரு முடிவில் மலை.
மாடி எழுப்புகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு
எடுத்துக்கொண்டது போக
மிச்சம், ஒரு தண்ணீர்த் தொட்டி அகலம்.

விண்ணரசி, தாவரவியல், ஆறாம் வருடம்.
எதிர்ப்படும்போது தலையசைப்போம், அவ்வளவுதான்.
உதவித்தொகை ஏறிய மாதம் நடையில் தெரியும்.
மூன்றாம் இயல் திரும்பி வந்த மாலைகளில்
இடது செருப்பு இழுபடும்.

ஒரு ஞாயிறு பெரியார் நிலையத்தில்
கூட்டத்துக்குள் நேருக்கு நேர்.
தெரு இல்லாமல் என்ன பேசுவதென்று
இருவருக்கும் தெரியவில்லை.
'இங்க எங்க?' என்றாள்
ஊரைவிட்டு ஓடிவந்தவனைப் பிடித்ததுபோல.
ஒரே பஸ். அவள் முன்னால், நான் பின்படியில்.
இறங்கி நடந்தபிறகுதான்
ஜெராக்ஸ் கடை வெளிச்சத்தில் வாய் திறந்தாள்:
'வெள்ளிக்கிழமை வைவா.
முடிஞ்சதும் ரூம காலி பண்ணிருவேன்.'

தலையசைத்தேன்.

இன்று அந்த மாடி ஜன்னலில்
'பெண்களுக்கு மட்டும்' அட்டை தொங்குகிறது,
கீழே பாதி அழிந்த போன் நம்பர்.
மாவு வாங்கப் போனேன்.
நாய் எங்கோ போயிருந்தது, வழி காலி.
அப்படியும்
அறுபத்தைந்து ஆயிற்று.