இரண்டு எண்ணிக்கை

அந்தப் பாட்டு முழுக்கப் பனி கொட்டும்.
பதிந்ததோ நம் ஆடி மாத வெயிலில்.
ஆடியில் பதிந்தால்தான்
மார்கழியில் தட்டு விற்கும், வியாபாரக் கணக்கு.

ஹாலிஃபாக்ஸ், 1931.
கம்பள ஆலைக்குப் பின்னால் ஒரு பிரார்த்தனைக் கூடம்.
தெருச் சத்தம் நுழையாதிருக்க
விலைபோகாத கம்பளங்களைச் சன்னல்களில் அறைந்திருந்தார்கள்.
உள்ளே புழுக்கம்.
கிளமென்ட் ஆக்ராய்டு
இடது காலை வாளித் தண்ணீரில் வைத்து
வலது காலால் பியானோ பெடலை மிதித்தார்.
பாடியவள் எட்னா ஹொல்ராய்ட்.
நூல் முறுக்கும் பிரிவில் பதினான்கு ஆண்டு.
கூலி பதினைந்து ஷில்லிங், தேநீர் தனி.

மெழுகுத் தட்டுகள் மூன்றே இருந்தன.
முதலாவது இளகிக் கெட்டது.
இரண்டாவதில்
வண்டிக் குதிரை ஒன்று கம்பளத்தைத் தாண்டிக் கனைத்தது.
மூன்றாவதில்,
கதவைத் திற என்பதற்கும்
பனி வந்திருக்கிறது என்பதற்கும் நடுவே
எட்னாவுக்கு இருமல் முட்டியது.

இருமவில்லை.
ஏப்ரன் நுனியைக் கடித்து விழுங்கினாள்.
ஒன்று.
இரண்டு.
ஆக்ராய்டின் விரல்கள் காற்றில் நின்றன.
பிறகு பனி வந்தது.

இன்று அந்த இடைவெளியை ஊரே காக்கிறது.
பள்ளியில் அதில் கைதட்டுகிறார்கள்.
மதுக்கடையில் மேசையைக் குத்துகிறார்கள்.
பனியின் மௌனம் என்று ஒரு பேராசிரியர்
நாற்பது பக்கம் எழுதிவிட்டார்.
ஆறு வருடம் மிருதங்கம் பயின்ற விரல் சும்மா இருக்குமா,
நானும் பில் மேசையில் தட்டிப் பார்த்தேன்.
அரை இடமா, ஒன்றரையா?
எதிலும் அடங்கவில்லை.
தாளம் தெரிந்தவன் என்ற திமிர்
கொஞ்சம் இறங்கியது.

விடை ஆலையின் கூலிப் புத்தகத்தில் இருந்தது.
நூலகம், வியாழக்கிழமை, என் விடுமுறை.
ஆக்ராய்டின் கடிதமும் அதற்குள் மடிந்திருந்தது,
குதிரை, வாளி, ஏப்ரன் எல்லாம் அவர் சொன்னதுதான்.
கடிதத்தின் ஓரத்தில் வேறொரு கையெழுத்து:
"மூன்றாவதில் குறை. கழித்துக்கொள்ளவும்."
புத்தகத்தில், பழுப்பு மையில்:
ஹொல்ராய்ட், இ. பாட்டு. பதின்மூன்று ஷில்லிங்.

எண்ணிக்கைக்கு ஒரு ஷில்லிங் பிடித்திருக்கிறார்கள்.

பிப்ரவரிக்குப் பின் அந்தப் புத்தகத்தில் அவள் பெயர் இல்லை.
ஏன் என்று எழுதவில்லை. நானும் எழுதமாட்டேன்.

எங்கள் கடையில் டிசம்பரில்
ஒரு ஷிஃப்டுக்கு இருபத்துமூன்று முறை அது ஒலிக்கும்.
இந்த ஆண்டு புதுப் பதிப்பு.
கணினியில் இழுத்து
இடைவெளியை ஒட்டிவிட்டார்கள்.
கதவு திறந்த கையோடு பனி வந்துவிடுகிறது.

நேற்று மாலை வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.
காலுறை, மெழுகுவத்தி, சீரியல் விளக்கு.
பாட்டோடு எல்லாரும் முணுமுணுத்தார்கள்.
கதவைத் திற என்றதும்
வரிசை முழுதும் வாய் மூடியது.
ஸ்பீக்கர் மட்டும் தனியாக ஓடியது, முன்னே, வெட்கமில்லாமல்.

"உங்க ஸ்பீக்கர் பழுதா?"
பச்சைக் கோட்டு அணிந்த பெண் கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
அட்டையை எடுக்கச் சொல்லி இயந்திரம் கூவியது.
ஒன்று.
இரண்டு.
பிறகு எடுத்தாள்.