பதினொன்றரை மீட்டரில்

அத்திப்பட்டு, சாம்பல் குட்டைக்கு வடக்கே
எட்டாவது துளை.
மேலே ஒன்றரை மீட்டர் அனல்நிலையச் சாம்பல்.
அதன் கீழ் மணல், சிப்பித் தூள்.
பிறகு, குழாய் தன் எடைக்கே இறங்கிப் போகிற
கறுப்புச் சேறு. சம்மட்டிக்கு வேலையில்லை.
"பூஜ்யம் போட்டுக்கோம்மா" என்றார் தேசப்பன்.
ஆறு மீட்டருக்குப் பூஜ்யமாகப் போட்டுவந்தேன்.

பதினொன்றரையில் சம்மட்டி துள்ளியது.
கழுவி வந்த தண்ணீர்
கறுப்பிலிருந்து ஒரே மூச்சில் மஞ்சளானது.
நடுவில் வேறு நிறமே வரவில்லை.

மாதிரிக் குழாயை இரண்டாகப் பிரித்து வைத்தோம்.
மேற்பாதியில் மட்டி ஓடு, அழுகிய வேர்,
உப்பங்கழி நாற்றம்.
கீழ்ப்பாதியில் சிவப்புத் திட்டுத் திட்டாய்
நகம் இறங்காத களி.
இரண்டும் தொடும் இடத்தில்
பென்சில் கோட்டைவிட மெல்லிசாய் ஒரு கோடு.

கடல் எங்கோ தள்ளிக் கிடந்த காலம் அது.
இந்த இடம் மேடு.
சேர்ந்ததை எல்லாம் மழை வழித்துக்கொண்டு போயிருக்கிறது,
அதற்கு முன்பு சேர்ந்திருந்ததில் கொஞ்சத்தையும்.
எத்தனை ஆயிரம் வருஷம் என்று
கோட்டைக் கேட்க முடியாது.
மான் நடந்திருக்கலாம். புல் பற்றி எரிந்திருக்கலாம்.
தினமும் சாயங்காலம் ஆகியிருக்கும்,
அது மட்டும் நிச்சயம்.

படிவத்தில் ஆழத்துக்குக் கட்டம் உண்டு,
நிறத்துக்கு, அடி எண்ணிக்கைக்கு உண்டு.
இல்லாமல் போனதற்கு இல்லை.

பீடியை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார் தேசப்பன்.
"நம்ம மஸ்டர் ரோல் மாதிரில்ல இருக்கு."

முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்த டிசம்பரில்
மச்சான் படகில் உட்கார்ந்து
பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு
டிரம்மில் ஊற்றியிருக்கிறார், இருபத்திரண்டு நாள்.
கம்பெனிப் பதிவேட்டில்
டிசம்பர் ஒன்பதுக்கு அடுத்த வரி ஜனவரி ஒன்று.
"அந்த நாள்ல நான் எங்கியுமே இல்ல, அவங்க கணக்குல.
நகக்கண்ணுல மட்டும்
பொங்கல் வரைக்கும் கறுப்பு போவல."
சிரித்தார். நான் சிரித்தேனா, ஞாபகமில்லை.

ராத்திரி அறிக்கை தட்டும்போது
கறுப்புப் பட்டையையும் மஞ்சள் பட்டையையும்
கம்ப்யூட்டர் ஒட்டி வரைந்து காட்டியது,
மயிரிழை இடம் விடாமல்.
'குறிப்பு' என்ற இடத்தில் ஏதோ அடித்தேன்.
அழித்தேன்.

நாளைக்கு ஒன்பதாவது துளை, முப்பது மீட்டர் கிழக்கே.
பத்தில் வரலாம், பன்னிரண்டில் வரலாம்
அந்தக் கோடு.
வரும்.