பின்பலகை ரசீது

கண்ணாடி உடைந்திருந்தது. அதனால்தான் என்னிடம் வந்தார்
உண்ணாமலை ஆச்சி,
கோட்டையூர் வீட்டிலிருந்து காரைக்குடிக் கடைக்கு
டெம்போவில், இரண்டு மெத்தைகளுக்கு நடுவே.

படத்தை வாங்கியவர் ஹோட்டல் நடத்துகிறார்.
"முகத்துல சோகம், பாத்தீங்களா" என்றார்.
"புருஷன் பர்மாவுல. கடிகாரம் மூணே முக்கால்.
கப்பல் கெளம்புன நேரமா இருக்கும்."

கூட வந்த கட்டடக்கலைப் பெண்
சோகமில்லை, சொத்து என்றாள்.
அரக்குச் சிவப்புக் கண்டாங்கி,
மடியில் உட்கார்ந்தும் கட்டம் கலையவில்லை.
கழுத்துருவை எண்ணினாள், விரல் படாமல்.
"முப்பத்தி நாலு இருக்கணும். ரெண்டு குறையுது.
அதுல என்னமோ சொல்றாங்க."
நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மூடிய இடது கையில் மட்டும்
இருவரும் ஒத்துப்போனார்கள்.
எதையோ விடாமல் பிடித்திருக்கிறார்.
சாவி. இல்லையென்றால் கடுதாசி. இல்லையென்றால் கோபம்.

காலி தம்ளர் எடுக்க வந்த டீக்கடைப் பையன்
ஒரு நொடி நின்றான்.
"இந்தம்மா யாரையோ வெளிய போகச் சொல்லுது"
என்று சொல்லிவிட்டு அவனே வெளியே போனான்.

ராத்திரி ஆணி பிடுங்கிப் பின்பலகையைக் கழற்றினேன்.
கரப்பான் முட்டை, காய்ந்த பல்லி,
நாலாய் மடித்த தாள்.
படம் எழுதியவரின் கணக்கு, பென்சிலில்:

உருவம், இடுப்பு வரை: ரூபாய் பதினெட்டு.
புடவைச் சிவப்பு, சீமைச் சாயம்: ஒன்றே கால்.
கழுத்துருவில் இடம் போதாமல் இரண்டு உரு விட்டது:
தள்ளுபடி இரண்டணா.
கடிகாரம் எல்லாப் படத்துக்கும் உள்ளதே: இனாம்.
இடக்கை, மூடியது.
விரல் விரித்து எழுதினால் தனிக்கூலி.

சிரித்துவிட்டேன்,
சாத்திய கடைக்குள், பதினோரு மணிக்கு, ஒற்றை ஆளாய்.

தாளின் அடியில் எழுத்து சின்னதாகிறது:
பார்வை சாந்தமாகப் போட்டது. ஆச்சி வேண்டாமென்றார்கள்.
அடக்கமாகப் போட்டது. வேண்டாமென்றார்கள்.
மூன்றாம் தடவை எதிரில் உட்கார்ந்து
இமைக்காமல் காட்டினார்கள். அதன்படி போட்டது.
இதற்குக் கூலி கேட்கவில்லை.

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
இமைக்கடியில் இன்னோர் இமை, அதற்கும் அடியில் ஒன்று,
ஊருணிப் படியில்
தண்ணீர் இறங்கி இறங்கி விட்ட கோடுகள் மாதிரி.
மேலே நின்ற கண் என்னைப் பார்த்தது.
அதற்கு ஒரு பெயர் சொல்ல வாயெடுத்தேன்.
பஞ்சைக் கீழே வைத்தேன்.

காலையில் ஹோட்டல்காரர் போன் செய்தார்,
சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டலாமா என்று.
மாட்டுங்க என்றேன்.
வாசலைப் பார்த்து வேண்டாம், கல்லாவைப் பார்த்து.

கண்ணாடிக்கு ஆயிரத்து நூறு.
ரசீது இருந்த இடத்திலேயே இருக்கிறது.